காக்கையை அறிந்துகொள்வது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அரிய பறவைகளைத் தேடித் தொலைதூரம் போகிறார்கள். காக்கையை நின்று பார்க்கிறவர் மிகக் குறைவு. எப்போதும் கண்ணில் படுவதாலேயே அதைப் பார்த்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஒரு பறவை சிக்கலை எப்படிக் கையாள்கிறது, தன் இணையோடும் பிள்ளைகளோடும் எப்படி வாழ்கிறது, யாரை நம்புகிறது, யாரை மன்னிக்க மறுக்கிறது என்பதையெல்லாம் செலவில்லாமல் நாள்தோறும் பார்க்க வேண்டுமானால் காக்கையைவிட ஏற்ற பறவை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பொத்தாம்பொதுவாகக் காக்கைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓராண்டு கழித்தும் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரே இடத்தில், ஒரே காக்கை இணையை (ஜோடியை), விடாமல் பார்க்க வேண்டும். நேற்றுப் பதுக்கியதை இன்று வந்து எடுக்கிறதா, சென்ற மாதம் தன்னை விரட்டியவரை இந்த மாதம் அடையாளம் காண்கிறதா, போன ஆண்டுப் பிள்ளை இந்த ஆண்டும் பெற்றோருடன் சுற்றுகிறதா என்பதெல்லாம் அதே பறவையை மறுபடியும் மறுபடியும் பார்க்கிறவருக்கு மட்டுமே புலப்படும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தப் பழக்கத்தை வளர்ப்பதற்காகவே.

ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், ஒரு கடிகாரம் போதும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலர் இருந்தால் நல்லது. அலகின் ஓரத்தையும் வாயின் உள்நிறத்தையும் பார்க்க உதவும். இல்லாவிட்டாலும் தயங்காமல் தொடங்கலாம். காக்கை மனிதர்களுக்கு அருகிலேயே வாழும் பறவை.

முதல் படி: எந்தக் காக்கை என்று தெரிந்துகொள்ளுங்கள்

காக்கைப் பேரினத்தில் ஏறத்தாழ 45 முதல் 50 இனங்கள் இருக்கின்றன. ரேவன் எனப்படும் பெருங்காக்கையும், ரூக் என்ற பறவையும் இதில் அடங்கும். தென் அமெரிக்கா, அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இவை இயற்கையாக வாழ்கின்றன. ஆனால் ஓர் ஊரில் பொதுவாக இரண்டு மூன்று இனங்களுக்கு மேல் இருக்காது என்பதால் இந்தப் படி சுலபமானது.

தெற்காசியாவில் இரண்டு காக்கைகளைப் பிரித்தறிந்தால் போதும். வீட்டுக்காக்கைக்குப் பிடரியும் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம். நெற்றி, தொண்டை, இறக்கை, வால் ஆகியவை கறுப்பு. நீளம் சுமார் 40 செ.மீ. அண்டங்காக்கை உடல் முழுவதும் கறுப்பு. அலகு தடித்து, மேலலகு வளைந்து, நெற்றி எழும்பித் தெரியும். ஐரோப்பாவில் முழுக் கறுப்புக் காக்கையும், தலையும் இறக்கையும் வாலும் கறுத்து உடல் சாம்பலாக இருக்கும் காக்கையும் வெவ்வேறு பகுதிகளில் வாழ்கின்றன. இரண்டும் சந்திக்கும் குறுகிய பட்டையில் ஒன்றோடொன்று இணை சேர்வதும் உண்டு. வட அமெரிக்காவில் கறுப்புக் காக்கையையும் ரேவனையும் குழப்பிக்கொள்வார்கள். பறக்கும்போது வாலைப் பாருங்கள்: விசிறிபோல் வட்டமாக முடிந்தால் காக்கை, நடுவில் நீண்டு ஆப்பு வடிவில் இருந்தால் ரேவன். ரேவன் காக்கையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் எடை கொண்டது. ஒரு கிலோவைத் தாண்டும்.

இரண்டாம் படி: ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

காக்கைக்குப் பிடித்த இடத்தில் மூன்று வசதிகள் பக்கம் பக்கமாக இருக்கும்: கூடு கட்ட உயரமான மரம், இரை தேடத் திறந்த தரை, குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர். அடர்ந்த காட்டின் உட்பகுதியைவிடக் காட்டின் ஓரத்தையும், வயலும் தோப்பும் சேருமிடத்தையும், ஆற்றங்கரையையும், கடற்கரையையும், மனிதர் வாழும் தெருக்களையும் பெரும்பாலான காக்கைகள் நாடுவதற்கு இதுவே காரணம். மரங்கள் வரிசையாக நிற்க, நடுவே புல்வெளி விரிந்திருக்கும் பூங்காக்கள் காக்கைக்கு மிகவும் உகந்தவை.

வீட்டுக்காக்கை இந்தப் போக்கின் உச்சம். மனிதக் குடியிருப்பைச் சாராமல் வாழும் வீட்டுக்காக்கைக் கூட்டம் எதுவும் அறியப்படவில்லை. தெற்காசியாவைத் தாயகமாகக் கொண்ட இந்தப் பறவை கப்பல்களில் ஏறிச் செங்கடல் துறைமுகங்களுக்கும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் போய்ச் சேர்ந்தது. சான்சிபார் தீவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனிதர்களே கொண்டுபோய் விட்டார்கள். அங்கெல்லாம் உள்ளூர்ச் சிறு பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று பெருகியதால், இன்று கென்யா அரசு அவற்றை ஒழிக்க முயல்கிறது. நேர்மாறான நிலையும் உண்டு. ஹவாய்க் காக்கை குறிப்பிட்ட காட்டையே நம்பி வாழ்ந்தது. காடு சுருங்கியும், புதிதாக வந்த நோய்களும் எதிரிகளும் தாக்கியும், 2002க்குப் பிறகு இயற்கையில் அதைக் காண முடியாமல் போயிற்று. வளர்ப்பிடங்களில் பெருக்கி மீண்டும் காட்டில் விடும் முயற்சி தொடர்கிறது. ஆகவே, காக்கை எங்கும் வாழும் என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. எந்த இனம், எந்த இடம் என்று பார்த்தே பேச வேண்டும்.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடம் உங்கள் அன்றாட வழியில் இருக்கட்டும். வாரத்தில் சில நாள்களாவது ஏறத்தாழ ஒரே நேரத்தில் போக முடிய வேண்டும். அங்கே எந்தக் காக்கை எந்தக் கிளையில் அமர்கிறது, எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்த மரத்தைத் தாண்டினால் வேறு காக்கைகள் அதை விரட்டுகின்றன என்று குறியுங்கள். ஒரு தாளில் அந்த இடத்தை வரைந்து, விரட்டல் நடந்த இடத்திலெல்லாம் புள்ளி வையுங்கள். சில வாரங்களில் புள்ளிகள் கோடாகத் தெரியும். அந்தக் கோடுதான் உங்கள் இணையின் எல்லை. அண்டங்காக்கை, அமெரிக்கக் காக்கை, ஐரோப்பியக் கறுப்புக் காக்கை ஆகியவை இப்படி எல்லை வகுத்து வாழ்கின்றன. வீட்டுக்காக்கை கூட்டமாக மேய்வது. கூட்டைச் சுற்றியுள்ள சிறு பகுதியை மட்டுமே கறாராகக் காக்கும். அதைப் பார்க்கிறவர்கள் கூடு கட்டும் பருவம் வரை பொறுத்திருக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: அது உங்களை அறியட்டும்

புதியவர்கள் மிகவும் அலட்சியப்படுத்தும் படி இது. நீங்கள் காக்கையைக் கவனிக்கும் அதே நேரத்தில் காக்கை உங்களைக் கவனிக்கிறது, உங்கள் முகத்தை நினைவில் வைக்கிறது.

இதைச் சோதித்துக் காட்டியவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப். 2006இல் அவரது குழுவினர் குகைமனிதன் முகமூடி அணிந்து சியாட்டில் நகரப் பல்கலைக்கழக வளாகத்தில் 7 காக்கைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். பிறகு அதே முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூச்சலிட்டுத் துரத்தின. வேறு முகமூடி அணிந்து போனவர்களை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. உடை, நடை, உயரம் எல்லாம் மாறினாலும் முகமே அடையாளமாக இருந்தது. இதில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் தொடர்ச்சி. பிடிபடாத காக்கைகளும், அன்று பிறந்தேயிராத குஞ்சுகளும் ஆண்டுகள் கழித்து அந்த முகமூடியைக் கண்டு கூச்சலிட்டன. ஆபத்தானவர் யார் என்ற செய்தி பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கும் அண்டைக் காக்கைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. கல்லெறியும் கையசைவு எதையும் செய்யாதீர்கள்; தரையிலிருந்து திடீரென்று எதையாவது எடுப்பதுகூடக் காக்கைக்கு அப்படித்தான் தோன்றும். நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பாருங்கள். முதல் சில வாரங்கள் ஒரே இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ இருங்கள், பின்தொடர வேண்டாம். நீங்கள் வந்ததும் கரைந்து எச்சரிக்கும் காக்கை, ஒரு நாள் கரையாமல் தன் வேலையைத் தொடரும். அன்றிலிருந்துதான் உண்மையான கவனிப்பு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

உணவு வைக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. வைப்பதானால் சிறிதளவு, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், காக்கை வந்து எடுக்கும் அளவு மட்டும் வையுங்கள். உப்பில்லாத நிலக்கடலையைத் தோலோடு வைத்தால் அது எப்படி உடைக்கிறது, எதைத் தேர்ந்தெடுக்கிறது, எங்கே ஒளிக்கிறது என்று பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கும். உப்பும் காரமும் எண்ணெயும் சேர்ந்த பண்டங்களைத் தவிருங்கள். குவியலாகக் கொட்டினால் காக்கைக் கூட்டம் திரண்டு, அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகி, அருகில் கூடு கட்டியிருக்கும் சிறு பறவைகளுக்கு ஆபத்தாக முடியும். கோடையில் ஓர் அகலமான தட்டில் தண்ணீர் வைப்பது உணவைவிட நல்ல உதவி. காய்ந்த பண்டங்களைத் தண்ணீரில் நனைத்துத் தின்னும் வழக்கத்தையும் அங்கேயே பார்க்கலாம்.

நான்காம் படி: தனித்தனியாக அடையாளம் காணுங்கள்

எல்லாக் காக்கையும் ஒன்றுபோல் இருக்கிறது என்று தோன்றுவது முதல் சில வாரங்களுக்குத்தான். உடைந்த இறகு, நொண்டும் கால், அலகின் நுனியில் சிறு பிளவு, இறக்கையில் ஒரு வெள்ளை இறகு என ஏதேனும் ஒன்று கிடைக்கும். ஆனால் இறகு அடையாளங்களை நம்பி நெடுநாள் இருக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை காக்கை தன் இறகுகளை உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால் கால், அலகு, கண் அருகே உள்ள அடையாளங்களைத் தேடுங்கள்.

வயதைக் கண்டறிவது இன்னும் பயனுள்ளது. அமெரிக்கக் காக்கையின் குஞ்சு கூட்டைவிட்டு வரும்போது அதன் கண் நீலமாகவும் வாயின் உட்புறம் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். வளர வளரக் கண் பழுப்பாகி வாய் கறுக்கும். வேறு இனங்களிலும் இளம் பறவையின் வாயுள் சிவந்து, இறகு பளபளப்புக் குறைந்து, பழுப்புச் சாயலோடு இருப்பதைக் காணலாம். ஆண், பெண் வேறுபாடு வெளித்தோற்றத்தில் ஏறக்குறையத் தெரியாது. கூட்டில் அடைகாப்பது எது, அதற்கு உணவு கொண்டுவருவது எது என்று பார்த்துத்தான் ஊகிக்க முடியும். பெரும்பாலான காக்கை இனங்களில் அடைகாப்பது முக்கியமாகப் பெண்ணின் வேலை.

ஐந்தாம் படி: வழக்கங்களைக் குறியுங்கள்

எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திகைக்க வேண்டாம். முதலில் உணவைப் பாருங்கள். காக்கை எதையும் தின்னும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எப்படித் தின்கிறது என்பதே சுவையான பகுதி. பெரிய துண்டைக் காலால் மிதித்துக்கொண்டு அலகால் கிழிக்கும். காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டும். கடலோரக் காக்கைகள் ஓடுள்ள உயிர்களைத் தூக்கிப் போய்ப் பாறையில் போட்டு உடைக்கும். கனடாவின் மேற்குக் கரையில் ரெட்டோ சாக் என்பவர் 1970களில் இதை அளந்து பார்த்தார். காக்கைகள் பெரிய நத்தைகளையே தேர்ந்தெடுத்தன. சுமார் 5 மீட்டர் உயரத்திலிருந்து போட்டன. ஒருமுறை தூக்கிய நத்தையை உடையும்வரை விடவில்லை. அதைவிட உயரப் பறந்தால் கூடுதல் உழைப்பு, தாழ்வாகப் போட்டால் பலமுறை தூக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஆகக் குறைந்த உழைப்பில் வேலை முடியும் உயரம் அது.

அடுத்து, பதுக்கலைப் பாருங்கள். வயிறு நிறைந்த காக்கை மீதியைத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு போய் மண்ணில் குத்தி வைக்கும். மேலே ஓர் இலையையோ கல்லையோ போட்டு மூடும். அப்போது அது சுற்றிலும் பார்ப்பதைக் கவனியுங்கள். இன்னொரு காக்கை பார்த்துவிட்டால் வைத்ததை எடுத்து வேறிடத்துக்குக் கொண்டுபோவதும் உண்டு. ரேவன்களிடம் 2016இல் நடந்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. பக்கத்து அறையில் வேறு ரேவன்களின் குரல் ஒலிக்க, சுவரிலிருந்த சிறு துளை திறந்திருந்தால், உணவை ஒளித்த பறவை யாரோ தன்னைப் பார்ப்பதைப் போலவே அவசரமாகப் பதுக்கியது. துளை மூடியிருந்தால் அந்தப் பதற்றம் இல்லை. துளையின் அந்தப் பக்கம் கண் இருக்கலாம் என்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உங்கள் இடத்தில் பதுக்கல் நடந்தால் நேரத்தையும் இடத்தையும் குறித்துவிட்டு, நீங்கள் அருகில் போகாமல், எப்போது திரும்பி வந்து எடுக்கிறது என்று பாருங்கள்.

குரலுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். வழக்கமான கரைதலில் எத்தனை ஒலி, இடைவெளி எவ்வளவு, எழும்புகிறதா தாழ்கிறதா என்று எழுதுங்கள். பருந்தையோ ஆந்தையையோ கண்டால் எழுப்பும் அவசரக் கூச்சல் வேறு. இணைக்கு அருகில் அமர்ந்து, தலையைத் தாழ்த்தி, தொண்டைக்குள் எழுப்பும் மெல்லிய ஒலி வேறு. இரண்டாவதைத் தொலைவிலிருந்து கேட்க முடியாது; காக்கை உங்களை ஏற்றுக்கொண்ட பிறகே கேட்கக் கிடைக்கும். இணைகள் ஒன்றன் தலையை மற்றொன்று கோதிவிடுவதையும் அப்போதுதான் பார்ப்பீர்கள்.

இறக்கையை விரித்து எறும்புப் புற்றின் மேல் படுத்திருக்கும் காக்கையைக் கண்டால் அடிபட்டது என்று நினைத்து ஓட வேண்டாம். அது எறும்புக் குளியல். பல பறவைகளிடம் இந்த வழக்கம் உண்டு. நல்ல வெயிலில் வாயைத் திறந்து, உடலைத் தளர்த்திக் கிடப்பதும் அதுபோன்றதே.

இறந்த காக்கையைச் சுற்றி மற்றவை திரண்டு கரையும் நிகழ்ச்சியைப் பெரும்பாலோர் துக்கம் என்று சொல்வார்கள். கெய்லி ஸ்விஃப்ட்டும் மார்ஸ்லஃபும் சியாட்டிலில் செய்த ஆய்வு வேறொரு காரணத்தையும் சுட்டுகிறது. இறந்த காக்கையைக் கையில் ஏந்தி நின்ற முகமூடி மனிதரைக் கண்ட காக்கைகள் கூச்சலிட்டன. அந்த இடத்தில் உணவு எடுக்கத் தயங்கின. ஆறு வாரங்கள் கழித்தும் அந்த முகத்தை எதிர்த்தன. எங்கே, யாரால் ஆபத்து என்று கற்றுக்கொள்ளும் கூட்டம் அது. அவற்றின் மனத்தில் துயரம் இருக்கிறதா என்பதற்கு இந்த ஆய்வு பதில் சொல்லவில்லை. அப்படியொரு கூட்டத்தைக் கண்டால் விலகி நின்று பாருங்கள். இறந்த பறவையைத் தூக்காதீர்கள். உங்கள் முகம் காக்கைகளிடம் கெட்ட பெயர் வாங்கிவிடும் என்பது ஒரு காரணம், நோய் மற்றொரு காரணம். 1999இல் நியூயார்க்கில் தோன்றிப் பரவிய மேற்கு நைல் வைரஸ் அமெரிக்கக் காக்கைகளைப் பெருமளவில் கொன்றது. பறவைக் காய்ச்சலும் காக்கைகளைத் தாக்குகிறது. பல காக்கைகள் அடுத்தடுத்து இறந்து கிடந்தால் தொடாமல் கால்நடை அல்லது சுகாதாரத் துறைக்குத் தெரிவியுங்கள்.

ஆறாம் படி: கண்டதையும் கருதியதையும் பிரித்து எழுதுங்கள்

குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் காக்கை செய்தது மட்டும். வலப்பக்கம் அது ஏன் செய்திருக்கலாம் என்ற உங்கள் எண்ணம். காக்கையின் அறிவைப் பற்றிப் பேசும்போது இந்தக் கோட்டை அழித்துவிடுவதுதான் மிகச் சுலபம்; எனக்கு மிகவும் கவலை தருவதும் அதுவே. காக்கையைப் பற்றிப் பொய்யான பெருமை பரவினால் அதன் உண்மையான திறமையை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஜப்பானின் செண்டாய் நகரில் காக்கைகள் வால்நட் கொட்டைகளைக் கார்களின் முன் வைத்து உடைப்பது பலருக்கும் தெரிந்த செய்தி. கலிஃபோர்னியாவிலும் காக்கைகள் அப்படிச் செய்வதாகச் சொல்லப்பட்டது. 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு அங்கே பொறுமையாக எண்ணிப் பார்த்தது. கார் வரும்போதும் வராதபோதும் காக்கைகள் ஒரே அளவில்தான் கொட்டைகளைச் சாலையில் போட்டன. கடினமான தரை என்பதற்காகவே சாலை பயன்பட்டது; காருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஓர் ஊர்க் காக்கை செய்வதை எல்லா ஊர்க் காக்கையும் செய்யும் என்று கொள்ள முடியாது என்பதும், காரும் கொட்டையும் ஒரே இடத்தில் இருப்பதாலேயே திட்டம் இருந்தது என்று ஆகிவிடாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

இன்னொன்று, பெட்டி என்ற காக்கை. பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாத் தீவின் காக்கைகள் குச்சியைக் கொக்கியாகச் செதுக்கியும், தாழை இலையின் ஓரத்தைப் படிப்படியாகக் கிழித்தும் கருவி செய்து, மரப்பொந்துப் புழுக்களை வெளியே இழுப்பதை 1996இல் கேவின் ஹன்ட் உலகுக்கு அறிவித்தார். 2002இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வுக்காக வைத்திருந்த பெட்டி, நேரான கம்பியைத் தானே வளைத்துக் கொக்கியாக்கி, குழாய்க்குள் இருந்த சிறு வாளியைத் தூக்கியது. அது முழுக்கப் புதிதாகத் தோன்றிய யோசனை என்று பலரும் வியந்தார்கள். பின்னாளில், காட்டிலிருந்து பிடித்து வந்த அதே இனக் காக்கைகள் வளையும் குச்சிகளை வளைத்துக் கருவி செய்வது தெரியவந்தது. பெட்டியின் செயல் அதன் இனத்தின் கைத்திறனில் வேரூன்றியது. இதனால் பெட்டியின் மதிப்புக் குறைந்துவிடவில்லை என்பேன். பிறவிப் போக்கும் கற்றலும் அந்த நேரத்துச் சிக்கலுக்கு ஏற்ற முடிவும் ஒன்றில் ஒன்று பின்னியிருப்பதுதான் காக்கையின் அறிவு.

உறுதியாகச் சொல்லக்கூடியவையே போதிய அளவு வியப்பானவை. ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் நீடர் குழுவினர், காக்கை மூளையில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மட்டும் விழித்தெழும் நரம்பணுக்களைக் கண்டார்கள். 2024இல் அதே குழு, குறிப்பைக் கண்டோ கேட்டோ ஒன்று முதல் நான்கு வரை, அந்தக் குறிப்பு சுட்டும் எண்ணிக்கையில் காக்கைகள் கரைவதைக் காட்டியது. ரேவனின் மூளை சுமார் 14 கிராம்தான். அதில் 200 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் நெருங்கிக் கிடப்பதாக 2016இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் பாதிக்கு மேல் சிந்தனைக்குரிய முன்மூளைப் பகுதியில் இருக்கின்றன. மூளை சிறிது என்பதால் அறிவும் சிறிது என்ற பழைய கணிப்பு அதோடு உடைந்தது.

ஏழாம் படி: கூடு கட்டும் பருவத்தில் தள்ளி நில்லுங்கள்

காக்கை குச்சியோடு பறந்தால் பருவம் தொடங்கிவிட்டது. எந்த மரத்தில் இறங்குகிறது என்று தொலைவிலிருந்து பாருங்கள். கவையில் குச்சிகளை அடுக்கி மேடை அமைத்து, நடுவில் நார், முடி, புல் வைத்துக் குழியாக்கும். நகரங்களில் கம்பித் துண்டுகளும் சேரும். மின்கம்பத்தில் அப்படிக் கட்டினால் மின்தடை நேர்வதுண்டு.

வீட்டுக்காக்கை பொதுவாக 3 முதல் 5 முட்டை இடும். வெளிர் நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். அடைகாப்பு 16, 17 நாள். அதன்பின் மூன்று நான்கு வாரங்களில் குஞ்சு கூட்டைவிட்டு வெளியேறும். இந்தக் கூட்டில்தான் குயில் முட்டையிடுகிறது. குயில் முட்டை காக்கை முட்டைக்கு முன்பே பொரிந்துவிடுவதால் அதன் குஞ்சுக்கு உணவில் முந்துரிமை கிடைக்கிறது. இவ்வளவு அறிவுள்ள பறவை எப்படி ஏமாறுகிறது என்று கேட்பவர்கள், காக்கை குயிலைக் கண்டவுடன் எவ்வளவு மூர்க்கமாக விரட்டுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். காவல் கடுமையானது, அதை மீறி நுழையும் குயிலின் தந்திரமும் நீண்ட காலப் போட்டியில் கூர்மை பெற்றது. ஸ்பெயினில் வேறொரு குயில் இனம் கறுப்புக் காக்கையின் கூட்டில் முட்டையிடுகிறது. அங்கே அந்தக் குயில் குஞ்சு வெளியிடும் நாற்றமுள்ள திரவம் எதிரிகளை விரட்டுவதால், சில பருவங்களில் காக்கைக்கும் லாபமாகிறது என்று 2014இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இந்தப் பருவத்தில் இரண்டு விதிகளைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள். கூட்டுக்கு அடியில் நிற்காதீர்கள். காக்கை பின்னாலிருந்து பாய்ந்து தலையில் கொத்தும்; அது உங்களை நோக்கிய பகையல்ல, குஞ்சு பறக்கப் பழகும் சில நாள்களுக்கான காவல். குடை பிடித்துப் போகலாம், அல்லது வேறு வழியில் போகலாம். இரண்டாவது, தரையில் தத்தித் திரியும் இறகு முளைத்த குஞ்சைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அது தொலைந்துபோன குஞ்சல்ல. பெற்றோர் மேலே கிளையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும், உணவும் கொடுக்கும். பூனை, நாய், வாகனம் அருகில் இருந்தால் மட்டும் பக்கத்துப் புதரிலோ தாழ்ந்த கிளையிலோ ஏற்றிவிட்டு விலகுங்கள். இறகே முளைக்காத குஞ்சோ, காயம்பட்ட பறவையோ ஆனால் வனத்துறையையோ பறவை மீட்பு நிலையத்தையோ அழையுங்கள். காக்கையை வளர்ப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

பறக்கக் கற்ற பிறகும் பிள்ளைகள் உடனே பிரிந்துபோவதில்லை. அமெரிக்கக் காக்கைகளில் சில இளம் பறவைகள் ஆண்டுக்கணக்கில் பெற்றோருடன் தங்கி, அடுத்து வரும் குஞ்சுகளுக்கு உணவூட்டி, எல்லை காக்கவும் உதவும். கற்றுக்கொள்ள நிறைய இருக்கும் பறவைக்கு நீண்ட இளமை தேவைப்படுகிறது. உங்கள் இணையின் கூட்டுக்கு மூன்றாவது ஒரு காக்கை உணவு கொண்டுவந்தால் அதைத் தவறாமல் குறியுங்கள். பெரும்பாலும் அது மூத்த பிள்ளை.

எட்டாம் படி: மாலையில் அடையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

கூடு கட்டாத மாதங்களில் காக்கைகள் பகலெல்லாம் பிரிந்து மேய்ந்துவிட்டு, மாலையில் ஒரே மரக்கூட்டத்தில் வந்து அடையும். சில இடங்களில் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில் கூடும். துணை இருந்தால் ஆந்தை போன்ற இரவு எதிரிகளிடமிருந்து தப்புவது எளிது; நல்ல இரை கிடைத்த இடத்தைப் பற்றிய செய்தியும் இந்தக் கூட்டங்கள் வழியே பரவக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திறந்தவெளியில் நின்று, காக்கைகள் எந்தத் திசையில் ஒரே கோட்டில் பறக்கின்றன என்று பாருங்கள். அடுத்த நாள் அந்தத் திசையில் சற்றுத் தள்ளிப் போய் அங்கிருந்து தொடருங்கள். இப்படி நகர்ந்தால் சில மாலைகளில் இடம் அகப்படும். பெரும்பாலும் அவை நேராக மரத்துக்குப் போவதில்லை. அருகில் ஒரு மைதானத்திலோ கூரைகளிலோ முதலில் கூடி, ஆரவாரம் செய்து, இருட்டும் நேரத்தில் மொத்தமாக உள்ளே போகும்.

எண்ணுவதற்கு மரத்தில் அமர்ந்தவற்றைக் கணக்கிட முயலாதீர்கள். வரும் வழியில் ஓர் உயரமான கட்டடத்தையோ கம்பத்தையோ எல்லையாக வைத்துக்கொண்டு, அதைக் கடப்பவற்றைப் பத்துப் பத்தாக எண்ணி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். பல வழிகளில் வந்தால் நண்பர்களை வெவ்வேறு திசையில் நிறுத்துங்கள். தேதி, நேரம், மேகம், காற்று, மழை ஆகியவற்றையும் சேர்த்துக் குறித்தால், கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இ-பேர்ட் தளத்தில் அந்தக் கணக்கைப் பதியலாம். மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே எல்லையை வைத்து எண்ணுங்கள். மறுநாள் காலையில் உங்கள் இணை எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலிருந்து தன் மரத்துக்கு வந்து சேர்ந்தது என்பதையும் அந்தக் கணக்குக்குக் கீழே எழுதிவிடுங்கள்.